வாசகர் கேள்வி–பதில்: எலிசபெத் காலத்துப் புத்தகக் கடைக்காரர்

இலண்டன் கருவூல அதிகாரியான ரிச்சர்ட் ஸ்டோன்லி, 1593-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் ஷேக்ஸ்பியரின் ‘வீனஸும் அடோனிஸும்’ என்ற கவிதை நூலையும் பிரான்ஸ் நாட்டைப் பற்றிய மற்றொரு நூலையும் சேர்த்து 12 பென்சுக்கு வாங்கி, அதைத் தம் அன்றாடக் குறிப்பில் எழுதி வைத்த செய்தியைச் சென்ற இதழில் வெளியிட்டிருந்தோம். அதைப் படித்த சுங்கை சிப்புட் வாசகர் வட்டத்தினரிடமிருந்து ஒரு கட்டுக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை வாங்கியவரைப் பற்றியோ கவிஞரைப் பற்றியோ கேட்கவில்லை. விற்றவரைப் பற்றியே கேட்கின்றன. புத்தகக் கடைக்காரரை இலக்கிய வரலாறு ஓரத்தில் நிறுத்திவிட்டுப் போவது நியாயமன்று என்பது என் நெடுநாளைய எண்ணம். ஆகையால் இம்மாதப் பக்கங்கள் முழுவதையும் அவருக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: அந்தக் காலத்து இலண்டன் புத்தகக் கடை எப்படி இருந்தது? கடைக்காரரே அச்சடித்து, அவரே விற்றாரா?
— புத்தகக் கடை நடத்தும் வாசகர், சுங்கை சிப்புட்

முதலாம் எலிசபெத் அரசியார் 1558 முதல் 1603 வரை ஆண்டார். அந்த நாற்பத்தைந்து ஆண்டுகளில் இங்கிலாந்தின் புத்தக வணிகம் ஏறக்குறைய முழுவதும் இலண்டனில், அதிலும் செயின்ட் பால் பேராலயத்தைச் சூழ்ந்த முற்றத்தில் குவிந்திருந்தது. 1561-இல் இடி விழுந்து எரிந்துபோன அந்தப் பேராலயத்தின் கோபுர முனை மீண்டும் கட்டப்படவே இல்லை. ஆயினும் அதன் நடுக்கூடம் ஊரின் பொதுச் சந்திப்பிடமாகவே இருந்தது. வழக்கறிஞர்கள் கட்சிக்காரர்களைச் சந்தித்ததும், வேலை தேடுவோர் எசமானரைத் தேடி நின்றதும், ஊர்ச்செய்தி கைமாறியதும் அங்கேதான். அக்கூட்டம் வெளியே வந்தால் முதலில் கண்ணில் படுவது புத்தகக் கடைகள். சில கடைகள் பேராலயச் சுவரோடு ஒட்டிக் கட்டப்பட்டவை. வேறு சில பல மாடி வீடுகள். கீழே கடையும் மேலே குடும்பமும் பயிற்சிப் பையன்களும் சரக்குமாக வாழ்க்கை நடந்தது. காலையில் சன்னல் பலகையைக் கீழே மடக்கினால் அதுவே சரக்குப் பரப்பும் மேடையாகிவிடும். ‘என்ன வேண்டும் ஐயா, என்ன வேண்டும்?’ என்று போவோர் வருவோரைக் கூவி அழைப்பது கடைப் பையனின் வேலை.

அக்காலத்தில் வீடுகளுக்கு எண் கிடையாது. ஆகவே ஒவ்வொரு கடையும் ஒரு சின்னத்தைத் தொங்கவிட்டிருந்தது. ஸ்டோன்லி வாங்கிய கவிதை நூலின் முதல் பக்கத்தில் ‘செயின்ட் பால் முற்றத்தில் வெள்ளை வேட்டைநாய்ச் சின்னமுள்ள கடையில் கிடைக்கும்’ என்ற பொருளில் ஒரு குறிப்பு இருக்கிறது. அந்த நூல் அந்த ஒரு கடையில் மட்டுமே கிடைத்தது என்று இதைக் கொள்ள வேண்டாம். எந்தக் கடைக்காரரும் எந்த நூலையும் வாங்கி விற்கலாம். மொத்தச் சரக்கு எங்கே இருக்கிறது என்பதை மற்ற கடைக்காரர்கள் அறிந்துகொள்ளவே அக்குறிப்பு பெரிதும் பயன்பட்டது. அதே முதல் பக்கத்தைத் தனித்தாளாகக் கூடுதலாக அச்சிட்டுத் தூண்களிலும் சுவர்களிலும் ஒட்டி விளம்பரமும் செய்தார்கள். நூலின் தலைப்புகள் அக்காலத்தில் அரைப்பக்கம் நீண்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்: வழிப்போக்கன் நின்று படிக்க வேண்டியிருந்தது.

அச்சடித்தவரும் விற்றவரும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். 1583-இல் எடுத்த கணக்கின்படி இலண்டனில் 23 அச்சகத்தாரிடம் 53 அச்சுப்பொறிகள் இருந்தன. கடைக்காரர்களோ அவர்களைவிட மிகப் பலர். ‘இன்னார் அச்சிட்டது, இன்னாருக்காக’ என்று நூலில் இரண்டு பெயர்கள் வரும்போது, ‘இன்னாருக்காக’ என்ற இடத்தில் நிற்பவரே பணம் போட்டவர். கையெழுத்துப் படியைத் தேர்ந்தவரும், தாள் வாங்கித் தந்தவரும், விற்காவிட்டால் நட்டப்பட்டவரும் அவரே. பதிப்பாளர் என்று நாம் இன்று அழைக்கும் மனிதர் அன்று கடைக்காரராகத்தான் வாழ்ந்தார்.

கேள்வி: அந்தத் தொழிலுக்கு ஒருவர் எப்படி வந்தார்? படிப்புத் தேவைப்பட்டதா?
— தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்

சங்கத்தின் வழியாகவே வர முடியும். ஸ்டேஷனர்ஸ் கம்பெனி எனப்பட்ட நூல் வணிகர் சங்கம் 1557-இல் மேரி அரசியாரிடம் அரச சாசனம் பெற்றது. எலிசபெத் அரசியார் 1559-இல் அதை உறுதிப்படுத்தினார். பையன் ஒரு முதலாளியிடம் குறைந்தது ஏழு ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்து, அவர் வீட்டிலேயே உண்டு உறங்கித் தொழில் பழக வேண்டும். இருபத்து நான்கு வயதுக்கு முன் சுதந்திரத் தொழிலாளி ஆக முடியாது. பையன்கள் பெருகித் தொழில் நலியக் கூடாது என்று 1586-ஆம் ஆண்டு ஸ்டார் சேம்பர் நீதிமன்ற ஆணை எண்ணிக்கையையும் வரையறுத்தது. சங்கத்தில் உயர் பதவி வகித்தவர் மூவரை வைத்துக்கொள்ளலாம். சாதாரண உறுப்பினருக்கு ஒருவரே.

ரிச்சர்ட் ஃபீல்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்டு ஊரில் தோல் பதனிடுபவரின் மகனாகப் பிறந்தவர் இவர். 1579-இல் இலண்டன் வந்து ஒப்பந்தத்தில் சேர்ந்தார். தாமஸ் வாட்ரோலியே என்ற பிரெஞ்சு அச்சகத்தாரிடம் தொழில் கற்றார். 1587-இல் உறுப்பினராகி, 1593-இல் ‘வீனஸும் அடோனிஸும்’ நூலை அச்சிட்டார். படிக்கவும் எழுதவும் கணக்குப் பார்க்கவும் தெரிந்திருந்தால் போதும். பல்கலைக்கழகப் பட்டம் தேவையில்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து இலத்தீன் நூல்களைத் தருவித்து விற்றவர்கள், ஆண்டுக்கு இருமுறை கூடிய ஃபிராங்க்ஃபர்ட் சந்தையின் நூற்பட்டியலைப் படித்து எது போகும், எது போகாது என்று கணிக்க வேண்டியிருந்தது. அதற்கு நல்ல புலமையே வேண்டும்.

கேள்வி: தோட்டத்தில் செக்ரோல் என்ற வருகை, கூலிப் பதிவேட்டை எழுதிப் பழகியவன் நான், ஆகவே கணக்கைக் கேட்கிறேன். ஒரு நூலைப் போட்டால் அவருக்கு என்ன செலவு, என்ன வரவு?
— ஓய்வு பெற்ற கிராணி, சுங்கை சிப்புட்

கிராணியார் கேட்டதே தொழிலின் உயிர்நாடி. செலவில் முதலிடம் தாளுக்கு. வெண்தாள் அன்று பெரும்பாலும் பிரான்சிலிருந்து கப்பலில் வந்தது. 1588 வாக்கில் ஜான் ஸ்பில்மன் டார்ட்ஃபோர்டில் ஓர் ஆலை தொடங்கினார். நாட்டின் தேவைக்கு அது போதவில்லை. ஒரு தாளை இரண்டு முறை மடித்தால் நான்கு இதழ், எட்டுப் பக்கம் கிடைக்கும். எனவே எண்பது பக்க நாடக நூலுக்குப் பத்துத் தாள் வேண்டும்.

எத்தனை படி அச்சிடுவது என்பதில்தான் கடைக்காரருக்கு உறக்கம் போயிருக்கும். அச்சகத்தில் ஈய எழுத்துகள் கொஞ்சமே இருந்தன. சில பக்கங்கள் அச்சானதும் அவற்றைக் கலைத்து அடுத்த பக்கங்களைக் கோக்க வேண்டும். ஆகவே ‘இருநூறு அடித்து, விற்றால் மேலும் அடிக்கலாம்’ என்று இருக்க முடியாது. முதலிலேயே எண்ணிக்கையை முடிவு செய்தாக வேண்டும். சாதாரண நூலை ஒருமுறை கோத்த எழுத்தில் 1,250 அல்லது 1,500 படிகளுக்கு மேல் அச்சிடக் கூடாது என்று 1587-இல் சங்கம் விதித்தது. அச்சுக்கோப்பவர்களுக்கு வேலை குறையாதிருக்கவே அந்த விதி; பள்ளி இலக்கணம், பஞ்சாங்கம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. இப்போது பெருக்கிப் பாருங்கள்: 1,250 படி, படிக்குப் பத்துத் தாள் என்றால் 12,500 தாள். ரீமுக்கு 500 தாள் என்று வைத்தாலும் 25 ரீம். ஒரு படிகூட விற்காத நிலையில் இத்தனைக்கும் அவர் பணம் கட்டியாக வேண்டும். அதன் பின் அச்சுக்கூலி, அதன் பின் கையெழுத்துப் படியின் விலை, அதன் பின் சங்கப் பதிவேட்டில் உரிமையைப் பதிய ஆறு பென்ஸ்.

வரவைப் பாருங்கள். பன்னிரண்டு பென்ஸ் (ஒருமையில் பென்னி) ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுன். வழக்கமான எழுத்தளவில், படமில்லாத புதிய நூலுக்கு இரண்டு தாளுக்கு ஒரு பென்னிக்கு மேல் விலை வைக்கக் கூடாது என்று 1598-இல் சங்கம் வரம்பு கட்டியது. நம் பத்துத் தாள் நூல் அந்தக் கணக்கில் ஐந்து பென்ஸ். நாடக நூல் கடையில் சுமார் ஆறு பென்சுக்கு விற்றது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட மதிப்பு. அதே நாடகத்தை அரங்கில் நின்றுகொண்டு பார்க்க ஒரு பென்னி போதும். ஆறு முறை நாடகம் பார்க்கும் காசைக் கொடுத்து ஒருவர் அதன் நூலை வாங்கினார் என்றால், அந்த வாசகருக்கு என் மரியாதை.

அந்த விலைக்குக் கட்டிய புத்தகம் கிடைக்காது. மடித்த தாள்களை ஓரத்தில் துளையிட்டு நூலால் தைத்துக் கொடுப்பார்கள். அட்டையும் தோலும் வேண்டுமானால் வாங்கியவர் தனியாகச் செலவு செய்து கட்டிக்கொள்ள வேண்டும். விற்காமல் தங்கிய தாள்கள் மளிகைக்காரரிடம் பொட்டலம் கட்டவும், வேறு நூல்களின் அட்டைக்குள் திணிக்கவும் போயின. ஈப்போ புந்தோங்கில் கச்சாங் பூத்தே மடித்துத் தந்த பழைய நாளேட்டுத் தாளை விரித்துப் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அக்காலத்து அட்டைகளைப் பிரித்துப் பார்த்த ஆய்வாளர்கள், முற்றிலும் மறைந்துவிட்டன என்று எண்ணிய நூல்களின் துண்டுகளைக் கண்டெடுத்திருக்கிறார்கள்.

ஆதாயம் இரண்டாம் பதிப்பில்தான் கனிந்தது. உரிமை ஏற்கெனவே கையில் இருப்பதால் தாளும் அச்சுக்கூலியும் மட்டுமே செலவு. தேவதைச் சின்னக் கடை வைத்திருந்த ஆண்ட்ரூ வைஸ், ஷேக்ஸ்பியரின் ‘இரண்டாம் ரிச்சர்ட்’ நாடகத்தை 1597-இல் வெளியிட்டு, 1598-இல் மேலும் இருமுறை அச்சிட வேண்டியதாயிற்று. அதே வைஸ், வில்லியம் ஆஸ்ப்லியுடன் கூட்டாக 1600-இல் வெளியிட்ட ‘மச் அடூ அபவுட் நத்திங்’ நாடகமோ 1623 வரை மறுபதிப்புக் காணவில்லை. கடைக்காரரும் ஒருவர், ஆசிரியரும் ஒருவர். சந்தை தந்த தீர்ப்பு மட்டும் வேறு. ஷேக்ஸ்பியரின் பெயர் எப்படியும் விற்கும் என்று நாம் இன்று பின்னோக்கிப் பார்த்துச் சொல்வது அந்த மனிதர் பட்ட கவலைக்குச் செய்யும் அநீதி.

கேள்வி: அப்படியானால் கடையை வாழவைத்த சரக்கு எது? எங்கள் ஊரில் பயிற்சி நூலும் நாட்காட்டியும்தான்.
— மேற்படி புத்தகக் கடை வாசகர்

அங்கும் அதேதான்: எழுத்தறிமுக நூல், சமய வினாவிடை, விவிலியச் சங்கீதப் பாடல்கள், பள்ளி இலக்கணம், பஞ்சாங்கம், பிரசங்கங்கள். ஆனால் இங்கே ஒரு முள் இருந்தது. நிச்சயமாக விற்கும் நூல்களையெல்லாம் அச்சிடும் தனியுரிமையை அரசி சிலருக்கே வழங்கியிருந்தார். சட்ட நூல்கள் ரிச்சர்ட் டாட்டலுக்கு. எழுத்தறிமுக நூலும் சங்கீதங்களும் ஜான் டேக்கு. விவிலியம் 1577 முதல் கிறிஸ்டோபர் பார்க்கருக்கு. பஞ்சாங்கம் ரிச்சர்ட் வாட்கின்ஸ், ஜேம்ஸ் ராபர்ட்ஸ் இருவருக்கு. சிறிய கடைக்காரர் இவற்றை அவர்களிடம் வாங்கி விற்கலாமே தவிர, தாமாக அச்சிட முடியாது. நாடகம், கவிதை, கதை, வெளிநாட்டுச் செய்தி என்று போகுமோ போகாதோ தெரியாத நூல்களில் அவர் பணத்தை இறக்கியதற்கு, ரசனையைவிட இந்த நெருக்கடியே பெரிய காரணம் என்பது என் முடிவு.

பொறுக்க முடியாதவர்கள் மீறினார்கள். ரோஜர் வார்டு என்பவர் ஜான் டேயின் எழுத்தறிமுக நூலைத் திருட்டுத்தனமாக 10,000 படிகள் அச்சிட்டு, 1582-இல் ஸ்டார் சேம்பர் நீதிமன்றத்தில் வழக்கைச் சந்தித்தார். ஜான் உல்ஃப் என்பவர் தனியுரிமைக்கு எதிராகப் போர்க்கொடி உயர்த்தினார். பிறகு சங்கத்தோடு சமரசமாகி, 1587-இல் அதே சங்கத்தின் ஊழிய அதிகாரியாகவும் ஆனார். தனியுரிமையாளர்கள் 1584-இல் சில நூல்களின் உரிமையைச் சங்கத்தின் ஏழை உறுப்பினர்களுக்கென விட்டுக்கொடுத்தார்கள். அந்தக் கலகம் இல்லாமல் அது நடந்திருக்குமா என்பது ஐயமே.

கேள்வி: ஷேக்ஸ்பியருக்குக் கடைக்காரர் எவ்வளவு கொடுத்தார்?
— படிவம் ஐந்து மாணவி, சுங்கை சிப்புட்

விற்பனைப் பங்கு என்ற பேச்சே அன்று இல்லை, மகளே. கையெழுத்துப் படியை ஒரே முறை விலைக்கு வாங்கிச் சங்கப் பதிவேட்டில் தம் பெயரில் பதிந்த கடைக்காரருக்கே அந்த நூல் சொந்தம். சிறு நூலுக்கு நாற்பது ஷில்லிங், அதாவது இரண்டு பவுன், என்பது அக்காலத்தில் அடிபட்ட தொகை. நாடகமானால் அதை எழுதியவரிடமிருந்து நாடகக் குழு முன்பே வாங்கியிருக்கும். பிறகு அச்சில் எத்தனை பதிப்பு வந்தாலும் எழுதியவருக்கு ஒரு பென்னி வராது. கவிஞர்கள் செல்வர்களுக்கு நூலைக் காணிக்கையாக்கிப் பரிசு எதிர்பார்த்தது இதனால்தான்.

கேள்வி: அரசாங்க உரிமம் தேவைப்பட்டதா? தவறான நூலை விற்றால் என்ன ஆகும்?
— நாளேடு விநியோகிக்கும் வாசகர், சுங்கை சிப்புட்

நம் மலேசியாவில் 1984-ஆம் ஆண்டின் அச்சகங்கள் மற்றும் வெளியீடுகள் சட்டம் என்ன கேட்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே 1586-ஆம் ஆண்டு ஸ்டார் சேம்பர் ஆணை நூல்களைக் கேன்டர்பரிப் பேராயரோ இலண்டன் ஆயரோ முன்கூட்டிப் பார்த்து ஒப்ப வேண்டும் என்றது. இலண்டனுக்கு வெளியே ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களுக்கு மட்டுமே, அதுவும் தலா ஓர் அச்சகமே, அனுமதித்தது. அதை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு சங்கத்திடமே இருந்தது. சங்கத்தின் காவலர்கள் எனப்பட்ட நிர்வாகிகள் எந்தக் கடைக்குள்ளும் நுழைந்து தேடலாம், பறிமுதல் செய்யலாம், அச்சுப்பொறியை உடைக்கலாம். தொழிலைக் காக்கும் சங்கமே தொழிலாளியைக் கண்காணித்தது. அந்த வாழ்க்கையில் எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான்: தேட வந்தவர் பெரும்பாலும் அடுத்த தெருக் கடைக்காரராகவே இருந்தார்.

தண்டனை கடுமையானது. அரசி பிரெஞ்சு இளவரசரை மணக்கக் கூடாது என்று 1579-இல் ஜான் ஸ்டப்ஸ் ஒரு நூல் எழுதினார். எழுதிய ஸ்டப்ஸும் அதைப் பரப்பிய வில்லியம் பேஜும் நவம்பர் 3-ஆம் நாள் மக்கள் முன்னிலையில் வலக்கையை இழந்தார்கள். அச்சிட்ட ஹியூ சிங்கிள்டன் மன்னிக்கப்பட்டார். 1584 ஜனவரியில் கத்தோலிக்க நூலொன்றை அச்சிட்டதற்காக வில்லியம் கார்ட்டர் உயிரையே கொடுத்தார். 1599 ஜூன் மாதம் பேராயரும் ஆயரும் அங்கத நூல்கள் சிலவற்றைத் தடை செய்தபோது, அவை சங்கத்தின் சொந்த மண்டபத்திலேயே எரிக்கப்பட்டன. முன்னரே அனுமதி பெற்ற நூல்களும் அவற்றுள் இருந்தன என்பதை நினைத்துப் பாருங்கள்: விதிப்படி நடந்த கடைக்காரருக்கும் தம் முதலீடு தீயில் போகாது என்ற உறுதி இல்லை.

கேள்வி: எங்களைப் போன்ற சிறு பட்டணங்களுக்குப் புத்தகம் எப்படிப் போய்ச் சேர்ந்தது?
— வாசகர் வட்ட உறுப்பினர், சுங்கை சிப்புட்

மூன்று வழிகள் இருந்தன. நீதிமன்றம் ஆண்டில் நான்கு பருவங்களாகக் கூடும். அப்போது வழக்குக்காக இலண்டன் வந்த ஊர்ப்பெரியவர்கள் திரும்பும்போது நூல்களை வாங்கிச் சென்றார்கள். கடைக்காரரும் புதிய நூலைப் பருவத் தொடக்கத்தில் மேடைக்குக் கொண்டுவரப் பாடுபட்டார். இரண்டாவது வழி, பொதி வண்டியில் அனுப்புவதும் சந்தைக்குக் கொண்டுபோவதும். கேம்பிரிட்ஜுக்கு அருகே கூடிய ஸ்டர்பிரிட்ஜ் சந்தை அவற்றுள் பெயர்பெற்றது. யார்க், எக்ஸிட்டர் போன்ற நகரங்களில் நிலையான கடைகளும் உண்டு. மேலே சொன்ன ரோஜர் வார்டு வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஷ்ரூஸ்பரியில் ஒரு கடை வைத்திருந்தார். 1585-இல் அந்தக் கடைச் சரக்கை எழுதிய பட்டியல் இன்றும் இருக்கிறது. தலைநகரிலிருந்து அத்தனை தொலைவிலுள்ள ஊரில் என்ன படித்தார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

மூன்றாவது வழி, முதுகில் மூட்டை சுமந்து ஊர் ஊராகப் போன நடைவணிகர். ஊசி, நாடா, கண்ணாடி ஆகியவற்றோடு ஒற்றைத்தாள் பாட்டுகளையும் பென்னிக்கு விற்றார்கள். தோட்டத்து லயங்களுக்குச் சைக்கிளில் பெரிய எழுத்துக் கதைப்புத்தகம் கொண்டுவந்தவர்களை நம் முதியோர் நினைவில் வைத்திருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் வீட்டுக்குள்ளும் அச்சை முதலில் கொண்டு சேர்த்தவர்கள் இத்தகையோரே. இவர்கள் பெயர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

கேள்வி: கணவர் மறைந்த பின் கடையை நானே நடத்துகிறேன். அங்கே பெண்கள் இத்தொழிலில் இருந்தார்களா?
— வாசகி, சுங்கை சிப்புட்

இருந்தார்கள், அம்மா. சங்க உறுப்பினரின் மனைவி, கணவர் இறந்த பின் கடையையும் உரிமைகளையும் தம் பொறுப்பில் நடத்தலாம். பையன்களையும் தொழில் பழக்கலாம். வில்லியம் புரூம் என்ற கடைக்காரர் மறைந்த பின் அவருடைய மனைவி ஜோன், ஜான் லிலியின் நாடகங்களை வெளியிட்டார். 1591-இல் வந்த ‘எண்டிமியன்’ நாடக நூலில் ‘விதவை புரூமுக்காக அச்சிட்டது’ என்றே இருக்கிறது. முன்னே சொன்ன வாட்ரோலியேயின் மனைவி ஜாக்லின், கணவர் எடின்பரோவில் தங்கியிருந்த காலத்தில் இலண்டன் அச்சகத்தைத் தாமே நடத்தினார். கணவர் 1587-இல் காலமான பின், அங்கே தொழில் பழகிய ரிச்சர்ட் ஃபீல்டை ஜாக்லின் மணந்துகொண்டார். அப்படித்தான் ஃபீல்டுக்குச் சொந்த அச்சகம் அமைந்தது. ஸ்டோன்லி வாங்கிய அந்தக் கவிதை நூல் வெளிவந்ததும் அந்த அச்சகத்திலிருந்துதான். நூலின் முதல் பக்கத்தில் ஜாக்லினின் பெயர் இல்லை, இருந்திருக்க வேண்டும்.